மூணாம் தண்ணி

தாடையை நான்தான் கட்டினேன். கொஞ்சம் இறுக்கியே கட்டினேன். வெள்ளைத் துணியை நீளமாக் கிழிச்சு மோவாய்க்கு அடியில குடுத்து உச்சந்தலையில முடிச்சுப் போட்டேன், போட்ட முடிச்சைச் சுண்டியும் பாத்தேன். இனிமே பேசு பாப்போம் ஜெய்த்தூன். அக்கா முறைக்கு ராத்தான்னு சொல்ல மாட்டேன், மனசுக்குள்ள என்ன ராத்தா வேண்டிக்கெடக்கு, வெளியிலதான் நாலு பேர் காதுல விழணும். காலையில சுபுஹு தொழுதுட்டுப் பாயிலயே உக்காந்திருக்கேன், இவ வீட்டு ஆள் வந்து கதவைத் தட்டுது, நெஞ்சுவலி போல இருக்கு, தொழுகைக்கு எழுப்பப் போனா உடம்பு குளுந்து கெடக்கு, நீங்க வந்துதான் குளிப்பாட்டணும், ஊர்ல வேற யாருக்கு இது தெரியும்னு. வேற யாருக்கும் தெரியாதுதான். பன்னெண்டு வருசமா இந்த ஊர்ல எந்தப் பொம்பளை மௌத்தானாலும் குளிப்பாட்டுறது இவ, தண்ணி ஊத்துறது நான். இன்னைக்கு இவளே பலகையில கெடக்கா. எட்டு மாசமா இவ முகத்துல முழிக்காதவ நான், முடுக்குல எதிர்ல வந்தா யார் வீட்டு வாசல்லயாவது ஏறி ஒதுங்கினவ, இவ ஸலாத்துக்கு வாய்க்குள்ளகூட பதில் சொல்லாதவ. கூப்பிட்ட உடனே வந்துட்டேன்னு எல்லாருக்கும் ஆச்சரியம். மிஸ்ரியாவுக்குப் பெரிய மனசுன்னு வாசல்ல யாரோ சொல்றாங்க. மனசாவது மண்ணாவது. நான் வந்தது ரெண்டு காரியத்துக்கு. ஒண்ணு, பாக்கணும். நல்லாக் கண்ணைத் தொறந்து உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பாக்கணும், என் உம்மாவை இவ பாத்த மாதிரி. பாத்ததை வெளியில போய்ச் சொல்லணும், இவ சொன்ன மாதிரி. ரெண்டாவது, மையத்தைத் தூக்குறதுக்கு முன்னாடி பொம்பளைங்க எல்லாரையும் கூட்டி வெச்சு, இவங்க யாருக்காவது நோவு செஞ்சிருந்தா பொறுத்துக்கங்கன்னு கேப்பாங்க. எல்லாரும் பொறுத்தோம் பொறுத்தோம்பாங்க. அப்போ நான் ஒருத்தி மட்டும் சொல்லணும், நான் பொறுக்கலைன்னு. மறுமையில கழுத்தைப் பிடிப்பேன்னு சொல்லணும். எட்டு மாசமா இந்த வாக்கியத்தைத்தான் வாய்க்குள்ள உருட்டிக்கிட்டு இருக்கேன்.

தண்ணி ஊத்துற வேலைக்கு இன்னைக்கு வந்த சபுரா அண்டாவுல தண்ணியைக் கலந்துட்டா. கல்யாண வீடுகள்ல சமையலுக்குப் போறவ, சூட்டுப் பதம் அவளுக்குத் தெரியும். இலந்தை இலையைக் கசக்கிப் போட்டிருக்கா, முத்தம் பூரா பச்சை வாடை. நாலு பக்கமும் வேட்டியைக் கட்டி மறைச்சாச்சு, மேலயும் ஒண்ணு. "ராத்தா, சூடு போதுமான்னு பாருங்க." கையை விட்டுப் பாத்தேன். உசுரோட இருக்கிறவங்க மேல எவ்வளவு சூடு ஊத்துவியோ அவ்வளவுதான், அதுக்கு மேல ஆகாது, நோவும்னு இவதான் சொல்லிக் குடுத்தா. மௌத்தானவங்களுக்கு நோவுமா ராத்தான்னு அன்னைக்குக் கேட்டேன், புதுசு எனக்கு. "உனக்கு நோவுமாடி? அப்போ அவங்களுக்கும் நோவும். கேள்வி கேக்காமே ஊத்து"ன்னா. அப்படித்தான் பேசுவா, பாதி அதட்டல், பாதி வெத்தலை. வெத்தலையை ஒரு கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் சட்டம் சொல்லுவா. குரானை எழுத்துக்கூட்டித்தான் ஓதுவா, ஒரு பக்கம் முடிக்க அரை மணி நேரம், ஆனா சட்டம் மட்டும் கொழிச்சுத் தள்ளுவா. இந்தத் திரைக்குள்ள பாத்தது திரையோட போச்சு மிஸ்ரியா. மச்சம் பாத்தியா, மறந்துடு. தழும்பு பாத்தியா, மறந்துடு. முகம் கறுத்திருந்தாலும் நீ பாக்கலை. மையத்துல கண்ட குறையை மறைக்கிறவளை அல்லா நாப்பது தடவை மன்னிக்கிறான். நாப்பது தடவை! எத்தனை தடவை சொல்லியிருப்பா, அந்த நாப்பதைச் சொல்லும்போது விரலை வேற ஆட்டுவா. ஆட்டின விரல் இதுதான், இந்தா கெடக்கு, மருதாணி அரையும் குறையுமாப் போய் நகத்து நுனியில மட்டும் இருக்கு. மகளுக்கு நிச்சயம் பண்ணின அன்னைக்கு வெச்சது.

ஒளு செய்யணும், வாய் மூக்கெல்லாம் கழுவணும், அதுக்காகத் தாடைக் கட்டை அவுத்தேன். வாய் மூடினது மூடினபடியே நின்னுச்சு. விரல்ல ஈரத்துணி சுத்தி உதட்டுக்குள்ள விட்டுப் பல்லைத் துடைச்சேன், வெத்தலைக் கறை எங்கே போகும். என் உம்மாவுக்கு இதே மாதிரிப் பல்லைத் துடைச்சது இவதான். போன வருசம் பெருநாள் கழிஞ்சு பத்தாம் நாள், எங்க வீட்டு முத்தம், இதே பள்ளிவாசல் பலகை. அன்னைக்கு நாங்க ரெண்டு பேர்தான் உள்ள. வேற யாரையும் விடலை, உம்மாவுக்குப் பிடிக்காது, ரொம்பக் கூச்சம். பெத்த மகள் முன்னாடிகூட சேலை மாத்த மாட்டாங்க. ஏன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. துணியை ஒதுக்கி இடுப்புப் பக்கம் தண்ணி விட்டா, தொடையில வெள்ளை, முதுகுல வெள்ளை, திட்டுத் திட்டா, பால் தெறிச்ச மாதிரி. நாப்பது வருசம் மறைச்சிருக்காங்க என் உம்மா, வாப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாமே. என் கையில இருந்த சொம்பு அப்படியே நின்னுடுச்சு. இவ சட்டுனு துணியை இழுத்து மூடினா. "கண்ணை மூடிக்கிட்டு ஊத்து மிஸ்ரியா, நான் பாத்துக்கறேன்"னா. நான் அழுதேன். இவ அழலை. ரெண்டே ரெண்டு பேர். நான் ஒருத்தி, இவ ஒருத்தி. நான் சொல்லலை. அப்போ யார் சொன்னது? எத்தனை தடவை கூட்டிக் கழிச்சாலும் மிச்சம் நிக்கிறது இவதானே. என் மகள் சுமையாவுக்குப் பேசி முடிச்சிருந்த இடம் மஹ்மூதா மாமி வீடு. பையன் தங்கமான பையன், துபாய்ல கணக்குப் பாக்குறான், என் மகள் மருதாணிக்கு டிசைன்கூடப் பாத்து வெச்சுட்டா. உம்மாவோட நாப்பது கழிஞ்சு ஒரே வாரம், மஹ்மூதா மாமி வந்து சோபா நுனியில உக்காந்து, தண்ணிகூடக் குடிக்காமே சொல்றாங்க, "மனசுல வெச்சுக்காதே மிஸ்ரியா. உங்க உம்மாவுக்கு மேலெல்லாம் வெள்ளை இருந்துச்சாமே. குடும்பத்துல ஓடுற நோவு. எங்களுக்குப் பயமா இருக்கும்மா." யார் சொன்னாங்க மாமின்னேன். "யார் சொன்னா என்ன, இல்லேன்னு சொல்லு பாப்போம்"னாங்க. கதவுக்குப் பின்னாடி சுமையா நின்னுக்கிட்டு இருந்தா. அன்னையிலேருந்து குளிக்கப் போகும்போதெல்லாம் கைக்கண்ணாடியைக் கொண்டு போறா. முதுகைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிறா. இருபத்தொரு வயசுப் பிள்ளை, ஒரு புள்ளி கெடையாது அது மேல, தங்கம் மாதிரித் தோல், குளிச்சுட்டு வரும்போது கண்ணு செவந்து வருது.

அதுகூடப் போகட்டும். அடுத்த ரெண்டாம் மாசம் அதே மஹ்மூதா மாமி, அதே பையனுக்கு, இவ மகள் ஆபிலாவைப் பேசி முடிச்சாங்க. கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. அட, இதுக்குத்தானா! இதுக்குத்தானா ஜெய்த்தூன், என் உம்மா தொடையை ஏலம் போட்டே? நேராச் சொல்லியிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே. இல்லை, குடுத்திருக்க மாட்டேன். ஏன் குடுக்கணும்? எங்க தெருவுல செவ்வாய்க்கிழமை ஓதிக்குடுக்கிற ஆலிமா ஒருத்தி இருக்கா, சின்னப் பொண்ணு, அவ சொல்றா, அடுத்தவங்களைப் பத்தித் தப்பா எண்ணுறதுதான் இருக்கிற பொய்யிலயே பெரிய பொய்யாம். துருவிப் பாக்காதீங்க, புறம் பேசாதீங்க, புறம் பேசுறவங்க மௌத்தான சகோதரனோட இறைச்சியைத் திங்கிறாங்க. ஒரு ஆள் மேல சந்தேகம் வந்தா அவருக்காக எழுபது காரணம் தேடிப் பாருங்க, ஒண்ணும் கெடைக்கலைன்னா எனக்குத் தெரியாத காரணம் ஒண்ணு இருக்கும்னு விட்டுடுங்க. அன்னைக்கு இவ முதல் வரிசையில உக்காந்து தலையை ஆட்டுறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்! எந்திரிச்சு வந்துட்டேன். என்னோடது எண்ணமா? கணக்கு இது, ரெண்டுல ஒண்ணு போனா ஒண்ணு. அன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்தா. கதவைத் தொறக்கலை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு, "மிஸ்ரியா, எழுபது வேணாம். எனக்காக ஒரே ஒரு காரணம் தேடிப் பாரு"ன்னா. நான் உள்ள இருந்தே, "உங்க மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்குற நேரத்துல இங்கே என்ன வேலை"ன்னேன். செருப்புச் சத்தம் போனதுக்கு அப்புறம் நான் போய்த் தண்ணி குடிச்சேன். அந்தத் தண்ணி நல்லா இறங்குச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

"ராத்தா, ஊத்தவா?" ஊத்து. முதல் தண்ணி. தலைமுடியை அவுத்து விட்டேன், கால்வாசி நரை. காது மடல். கழுத்து. வலது பக்கம் தோள்லேருந்து கால் வரைக்கும், மேல போத்தின துணி நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, நான் தூக்கித் தூக்கிப் பாத்தேன். சொல்லிட்டுத்தானே வந்தேன், பாக்கணும்னு. ஒண்ணும் இல்லை. பிள்ளை பெத்த வயித்துக் கோடு, முட்டியில தொழுது காச்ச தோல், எல்லாருக்கும் இருக்கிறது. ஏமாத்தமா இருந்துச்சு. திரைக்கு அந்தப் பக்கம் மஹ்மூதா மாமி குரல் கேக்குது, சம்பந்தக்காரி இல்லையா, முன்னாடி வந்து உக்காந்தாச்சு. "ஆபிலாவுக்குக் கொஞ்சம் தேத்தண்ணி குடுங்க யாராவது, அழுதே மயங்கிடும்போல இருக்கு." அடடா, என்ன பாசம். இரு மாமி, உனக்கு ஒண்ணு கொண்டாறேன். இடது பக்கம் சாய்ச்சேன். சபுரா அண்டாவுல மொள்றதுக்குத் திரும்பினா. ஜெய்த்தூன் எப்பவும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டு வரைக்கும். பன்னெண்டு வருசம், எத்தனை மையத்து, தோள் வரைக்கும் நனைஞ்சாலும் கையைச் சுருட்ட மாட்டா. பேணுதலாம் பெரிய பேணுதல், யாருக்குக் காட்டுறான்னு நினைச்சுக்குவேன். இன்னைக்குச் சுருட்டுறதுக்குக் கையே இல்லை, வெறும் தோள்தான், துணியை விலக்கினேன். முழங்கைக்கு மேல பச்சை. பச்சை குத்தியிருக்கு. ரெண்டு பக்கமும் மூணு மூணு புள்ளி, நடுவுல எழுத்து. முதல் எழுத்து மேல தீச்சூட்டுத் தழும்பு, யாரோ எதையோ பழுக்கக் காய வெச்சு அழிக்கப் பாத்து, நோவு தாங்காமே பாதியில விட்ட மாதிரி. மிச்சம் தெளிவா இருக்கு. இசக்கியம்மா.

சபுரா திரும்புறதுக்குள்ள என் கை துணியை இழுத்து மூடிடுச்சு. நான் மூடலை, கை மூடிச்சு. பன்னெண்டு வருசப் பழக்கம். அப்புறம்தான் நினைச்சேன், நல்லதுதான், இது எனக்குக் கெடைச்சது, சபுராவுக்கு எதுக்குப் பங்கு. இசக்கியம்மா! மேலப்பாளையத்துல மாமன் வீடு, மேலப்பாளையத்துல உம்மா வழின்னு இருபத்தஞ்சு வருசமா அளந்தியே அம்மா. ஒரு மாமனும் வந்ததில்லை, ஒரு மச்சியும் வந்ததில்லை, பெருநாளைக்குக்கூட. உன் மாப்பிள்ளை எந்த ஊர்லயோ வேலை பாத்துட்டு உன்னைக் கூட்டிக்கிட்டு வந்து எறங்கினார், நாங்களும் நம்பிட்டோம். எழுத்துக்கூட்டி ஓதினது இப்போ புரியுது. வளந்ததுக்கு அப்புறம் படிச்சிருக்கா. இதுல குத்தம் ஒண்ணும் கெடையாது, எனக்குத் தெரியும், தீனுக்கு, நம்ம மார்க்கத்துக்கு வந்தவங்களோட பழசெல்லாம் கழுவிப் போயிடும், அன்னைக்குப் பொறந்த பிள்ளை மாதிரின்னு அந்த ஆலிமாவும் சொல்லியிருக்கா. ஆனா மஹ்மூதா மாமிகிட்ட சொல்லிப் பாரு! ஏழு தலைமுறை பேர் சொல்லிப் பொண்ணு பாக்குறவங்க. வெள்ளைத் தோலுக்கே சோபா நுனியில உக்காந்தவங்க, பச்சைக்கு வாசப்படி மிதிப்பாங்களா? ஒரே வார்த்தை போதும். காதுகிட்டப் போய், மாமி, இவங்க பொறந்த பேர் உங்களுக்குத் தெரியுமான்னா போதும். நாளைக்கே வந்து நிப்பாங்க, மனசுல வெச்சுக்காதே ஆபிலா, எங்களுக்குப் பயமா இருக்கும்மான்னு. ஆபிலாவும் கதவுக்குப் பின்னாடி நிக்கட்டும். என் மகள் நின்ன மாதிரி நிக்கட்டும். அந்தப் பிள்ளை எனக்கு என்ன பண்ணிச்சு? சாச்சி சாச்சின்னு என் மடியில கெடந்த பிள்ளைதான். இருக்கட்டும். சுமையா உனக்கு என்ன பண்ணினா ஜெய்த்தூன்? அவளுக்குப் பல்லு முளைக்கிறப்போ உன் விரலைத்தானே கடிச்சா? அந்த விரலை ஆட்டித்தானே நாப்பது தடவை நாப்பது தடவைன்னே?

"மெதுவா ராத்தா." என்ன? "அழுத்தித் தேய்க்கிறீங்க. மெதுவா." ரெண்டாம் தண்ணி ஓடுது. என் கை துணிக்கு மேல அந்தக் கையைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருக்கு, அழிச்சிடப் பாக்குதா, இன்னும் நல்லாத் தெரியணும்னு பாக்குதா, எனக்கே தெரியலை. நோவும்னு இவ சொன்னது ஞாபகம் வந்துச்சு. நோவட்டும். வாய்விட்டே சொல்லிட்டேன்போல இருக்கு, "நோவட்டும். நான் பொறுக்க மாட்டேன். எல்லாரும் பொறுத்தாலும் நான் பொறுக்க மாட்டேன்." சபுரா சொம்பைக் கீழ வெச்சுட்டா. ஊத்துடீன்னேன். ஊத்தலை. முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு என்னையே பாக்குறா. "ராத்தா, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. ஆனா இவங்க மேல கோவத்தோட கையை வெக்காதீங்க, எனக்குப் பொறுக்கலை. உங்க உம்மா பெட்டி ஒண்ணு எனக்குக் குடுத்தீங்களே." எந்தப் பெட்டி? "தகரப் பெட்டி, நாப்பதன்னைக்கு. சேலைக்கு அடியில நாலு போத்தல் தைலம் இருந்துச்சு. மேல ஏதோ எழுதியிருந்துச்சு, எனக்கு வாசிக்கத் தெரியாதே. மூட்டு வலிக்குப் போடுறதா இருந்தாத் தேய்ச்சுக்கலாம்னு மஹ்மூதா மாமிகிட்ட கொண்டு போய்க் காட்டினேன், அவங்க வீட்லதான் அன்னைக்கு வேலை. அடியே, இது வெள்ளை விழுந்த தோலுக்குப் போடுற கார்போக அரிசித் தைலம், எங்கே பிடிச்சேன்னாங்க. உங்க உம்மா பெட்டின்னு சொல்லிட்டேன். போத்தலை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது ராத்தா, அல்லா மேல ஆணை. அப்புறம் ஜெய்த்தூன் ராத்தா தேடி வந்து, பெட்டியில என்ன இருந்துச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன். இது மிஸ்ரியா காதுக்குப் போகக் கூடாது, தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவான்னு சொல்லி, என் தலையில கை வெச்சுச் சத்தியம் வாங்கினாங்க."

தகரப் பெட்டி. எங்க வீட்டுப் பழக்கம் அது, மௌத்தானவங்க துணிமணியை நாப்பதுக்குள்ள குடுத்துடணும், குடுக்கும்போது தொறந்து கிளறக் கூடாது, கிளறினா ஆசைப்பட்டு எடுத்து வைக்கிறான்னு பேர் வந்துடும். பூட்டின பெட்டியைப் பூட்டோட, சாவியை மேல வெச்சு, அப்படியே குடுக்குறதுதான் கௌரவம். நாலு பேர் பாக்க நடு வீட்ல வெச்சுக் குடுத்தேன். எவ்வளவு பெருமை எனக்கு அன்னைக்கு, எல்லாரும் மாஷா அல்லான்னாங்க. இவ மட்டும் என் கையைப் பிடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போய், "பெட்டியைத் தொறந்து பாத்துட்டுக் குடு மிஸ்ரியா"ன்னா. நான் என்ன நினைச்சேன்? உம்மாவோட பட்டுச் சேலை மேல இவளுக்குக் கண்ணுன்னு நினைச்சேன். ஆமா, அப்பவே நினைச்சேன், ஒரு நிமிசம்கூட யோசிக்கலை. நாப்பது வருசம் மறைச்ச பொம்பளை மருந்தை எங்கே மறைச்சிருப்பான்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. மறைக்கத் தெரிஞ்சவளுக்குத்தானே தெரியும். அடியே சபுரா, உனக்கு வாசிக்கத் தெரியலைன்னா என்கிட்ட வந்திருக்கக் கூடாதா? உன்னை என்ன பண்றேன் பாரு. இல்லை, சபுராவை என்ன பண்ண, மூட்டு வலிக்காரி. உம்மா, நீங்களாவது என்கிட்டச் சொல்லியிருக்கலாமே, நான் உங்க வயித்துல பொறந்தவதானே. மஹ்மூதா மாமி, போத்தலை வாங்கி வெச்சுக்கிட்டீங்களா, நல்லது, பத்திரமா வெச்சுக்கங்க. எல்லார் மேலயும் போய் மோதிட்டுத் திரும்ப என்கிட்டயே வந்து நிக்குது. ரெண்டு பேர்தான் பாத்தோம், அதனால ரெண்டுல ஒருத்தின்னு கணக்குப் போட்டேனே, கணக்கு சரிதான். இவ இல்லைன்னா நான். நான்தான். அந்த ஒரே ஒரு காரணம் என் வீட்டு நடுவுல, பூட்டோட, சாவியோட இருந்திருக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன் ஜெய்த்தூன் ராத்தா, ராத்தான்னே கேக்குறேன், எல்லாம் தெரிஞ்சும் அந்த வீட்டுப் பையனை உங்க மகளுக்கு ஏன் ஒத்துக்கிட்டீங்க? அதுக்கு எனக்குக் காரணம் கெடைக்கலை. தேடுறேன், கெடைக்கலை, நெஞ்சு இன்னும் எரியுது. அதையும் கேட்டிருக்கலாம். கதவைத் தொறந்திருந்தாக் கேட்டிருக்கலாம்.

மூணாம் தண்ணி. கற்பூரம் போட்ட தண்ணி. சொம்பை நானே வாங்கிக்கிட்டேன், சபுராவை மறைப்புக்கு அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொன்னேன். சூடு பாத்தேன். உசுரோட இருக்கிறவங்க மேல ஊத்துற சூடு. தலையிலேருந்து கால் வரைக்கும் ஊத்தினேன், கண்ணை மூடிக்கிட்டு ஊத்தினேன், அன்னைக்கு இவங்க சொன்ன மாதிரி. அந்தக் கைக்கு வரும்போது என் கை தானா மெதுவாயிடுச்சு. தேய்ச்ச இடம் செவக்கவும் இல்லை, மையத்துக்கு எங்கே செவக்கும். தொடைச்சேன், முடியை மூணாப் பின்னிப் பின்னால போட்டேன், தாடையைத் திரும்பக் கட்டினேன், கஃபன் துணியில கைகூட வெளியில தெரியாமே சுருட்டினேன். அந்த எழுத்து இனிமே மண்ணுக்குத்தான் தெரியும். வேட்டியை விலக்கிட்டு மஹ்மூதா மாமி தலையை உள்ள நீட்டினாங்க. அத்தர் மணக்குது அவங்க மேல. குரலை இறக்கி, "மிஸ்ரியா, தப்பா நினைக்காதே. மேலுல ஒண்ணும் இல்லையே? சும்மாதான் கேக்குறேன், பிள்ளை நாளைக்கு எங்க வீட்டுக்கு மருமகளா ஆகப் போறவ"ன்னாங்க. அப்போ வந்துச்சு பாருங்க எனக்கு, எட்டு மாசமாத் தேக்கி வெச்சது மொத்தமும் ஒரே பக்கமா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, சிரிச்ச முகமா, அவங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னேன். "உள்ள வந்து பாக்குறீங்களா மாமி? வாங்க. ஊர்ல இனிமே குளிப்பாட்டுறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். இந்தப் பலகையில ஒரு நாள் உங்களையும் போடுவாங்க. நீங்க வந்து கெடக்கும்போது நான் எப்படிப் பாக்கணும்னு இப்பவே சொல்லிட்டுப் போங்க." முகம் வெளுத்துப் போச்சு அவங்களுக்கு. வேட்டி திரும்ப விழுந்துச்சு. நல்லா இருந்துச்சு எனக்கு. பழி வாங்குறதுல இருக்கிற ருசி அப்படியேதான் இருக்கு, அது போகலை. அது இவ்வளவு நாளா யார் மேல போயிருக்கணுமோ, இன்னைக்குத்தான் அங்கே போச்சு.

அப்புறம் மையத்தைத் தூக்கிட்டுப் போற சந்தூக்கு வந்துச்சு. பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னாங்க. யாரோ ஆபிலாவைத் தாங்கிப் பிடிச்சுக் கொண்டாந்தாங்க. இவங்க யாருக்காவது நோவு செஞ்சிருந்தாப் பொறுத்துக்கங்கன்னு பெரியவங்க ஒருத்தங்க கேட்டாங்க, பொறுத்தோம் பொறுத்தோம்னு சுத்திச் சத்தம் வந்துச்சு. அந்தப் பிள்ளை யாரையும் பாக்கலை. என்னைத்தான் பாக்குது. கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து ஈரமா இருந்த என் கையைப் பிடிச்சுக்கிச்சு. "சாச்சி. எங்க உம்மாவைப் பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாச்சி. நீங்க சொன்னாத்தான் அவங்களுக்கு நிம்மதி. எட்டு மாசமா உங்க பேரைச் சொல்லித்தான் துஆ கேட்டாங்க." எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க, மஹ்மூதா மாமிகூட. எட்டு மாசமா உருட்டின வாக்கியத்துக்கு இப்போ இங்கே வேலை இல்லை. பொறுத்தேன்னு சொன்னா இவங்க எனக்கு ஏதோ செஞ்சாங்கன்னு ஆகிடும். அதையும் இன்னொரு பொய்யா இவங்க தலையில கட்டவா? உண்மையைச் சொன்னா என் உம்மாவோட பெட்டி இந்தக் கூட்டத்து நடுவுல தொறந்துடும், இவங்க அதைத்தானே மூடி வெச்சாங்க. பிள்ளையோட கையைப் பிடிச்சுக்கிட்டே குனிஞ்சேன். கஃபனுக்கு மேல காதுகிட்ட வாயை வெச்சேன். "ராத்தா, நீங்க எனக்கு ஒண்ணும் செய்யலை. நான்தான் செஞ்சேன். பொறுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ராத்தா." கற்பூர வாடை மட்டும் வந்துச்சு. முடிச்சு என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு, உச்சந்தலையில, நான் போட்ட முடிச்சு. இந்தத் தடவையும் இறுக்கித்தான் போட்டிருக்கேன்.